பக்கத்தில் நியாயமாக எங்கே வாங்கலாம்? ராமநாதபுரம் கரைக்கு ஒரு செயலியை வடிவமைக்கும் வழி

பாம்பனில் காலை ஏழு மணிக்கு மீன் வாங்க நின்றால் அடுத்தடுத்து மூன்று கூடை இருக்கும். மூன்றிலும் விளமீன். ஒன்று விடியற்காலையில் நாட்டுப்படகில் வந்தது. இன்னொன்று விசைப்படகின் ஐஸ் பெட்டியிலிருந்து ஏலத்தில் எடுத்தது. மூன்றாவது வேறு ஊரிலிருந்து வண்டியில் வந்து இறங்கியது. மீன்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள், நமக்கு அது கைவராது. மதுரையிலிருந்து வந்திருந்த என் அண்ணி அங்கே நின்றுகொண்டு, "தம்பி, எதை வாங்குனா கடலுக்குப் போனவங்களுக்கு நாலு காசு சேரும்?" என்று கேட்டார். செயலி செய்வதுதான் என் தொழில், ஊரும் இதே கரைதான். அப்படியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு செயலியை எப்படி வடிவமைப்பது என்பதை, நான் செய்து பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தொண்டியிலோ கீழக்கரையிலோ மூக்கையூரிலோ யாராவது இதைத் தொடங்க நினைத்தால், பெரிய முதலீடு வேண்டாம். இரண்டு பேரும், சில மாதங்களின் காலை நேரமும் இருந்தால் போதும்.

படி 1: நியாயம் எது என்று பொருளுக்குப் பொருள் எழுதுங்கள்

நியாயமான கடைகள் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப் போடாதீர்கள். ஒரே கடையில் அசல் கருப்பட்டியும் இருக்கும், எங்கிருந்து எடுத்தது என்றே தெரியாத சிப்பிப் பொம்மையும் இருக்கும். கடைக்கு மதிப்பெண் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பொருளை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எப்படிக் கிடைத்தது, யார் உழைத்தார்கள், காசு யார் கைக்குப் போகிறது?

மீனுக்கு முதல் கேள்விதான் பெரிது. தூண்டிலா, செவுள்வலையா, கரைவலையா, இழுவைமடியா? இரட்டைமடி, சுருக்குமடி என்ற வலைகள் தமிழகக் கரையில் தடைக்கு உள்ளான விவகாரம், கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1983ஆம் ஆண்டு வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய நீரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடும் உண்டு. ஆக, எந்தக் கிழமை, எந்தப் படகு என்பதே ஒரு தகவல். அளவும் முக்கியம். குஞ்சு மீனும் சினை நண்டும் கூடைக்கு வந்தால் அடுத்த வருடத்தின் மீன் இன்றே போய்விட்டது என்று பொருள்.

இங்கே என் கருத்து ஒன்று. விசைப்படகு மீனுக்குச் சிவப்பு அடையாளம் போட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் கூலிக்குப் போகிறவர்களும் இதே கரையின் பிள்ளைகள்தான். "விசைப்படகு, ஏலத்தில் எடுத்தது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எதை வாங்குவது என்று படிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

கருப்பட்டிக்கு இரண்டாவது கேள்வி பெரிது. சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனையேறி காலையும் மாலையும் ஏறி இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்று காய்ச்சுகிறார்கள். அதில் சீனியைக் கலந்து விலையைக் குறைத்து விற்பவரோடு போட்டி போட்டு அந்தக் குடும்பம் ஜெயிக்க முடியாது. அதனால் "எந்த ஊரில் காய்ச்சியது, சீனி கலந்ததா" என்ற இரண்டு வரி செயலியில் கட்டாயம் இருக்க வேண்டும். வத்தலுக்கு, குண்டு மிளகாயா சம்பாவா, எந்த ஊர்க் களத்தில் காய்ந்தது என்பது. இந்தக் குண்டு மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் எதையும் விற்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாலிநோக்கம் உப்பு, பனையோலைக் கொட்டான், கருவாடு எல்லாவற்றையும் இதே முறையில் எழுதிக்கொள்ளலாம்.

சிப்பி, பவளம் விஷயத்தில் மட்டும் கேள்வியே வேண்டாம், நேராகச் சட்டத்துக்குப் போங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியக் கடல் பூங்கா ஆயின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, ஆவுளியா என்ற கடல் பசு, ஆமை எதையும் விற்கக் கூடாது. சங்கு, சிப்பியிலும் சில வகைகள் அந்தப் பட்டியலில் உண்டு. ராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர் வெள்ளையாக ஒரு பவளத் துண்டைப் பார்த்து ஆசையில் வாங்கிவிடுவார், அது குற்றம் என்றே அவருக்குத் தெரியாது. செயலியில் இவற்றுக்கு இடமே கிடையாது என்பதோடு, தேடினால் "இதை வாங்காதீர்கள், காரணம் இது" என்று ஒரு பக்கம் திறக்க வேண்டும்.

படி 2: கரைக்குப் போங்கள், போன வாரத்தைப் பற்றிக் கேளுங்கள்

"இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். மரியாதைக்காகவாவது "ஆமாம் தம்பி" என்பார்கள். "போன வாரம் மீன் எங்கே வாங்கினீர்கள், யாரை நம்பி வாங்கினீர்கள், கடைசியாக எதில் ஏமாந்தீர்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். வாங்குகிறவர்களில் இங்கே மூன்று வகை உண்டு: உள்ளூர்க் குடும்பங்கள், ராமேசுவரம் வருகிற யாத்திரிகர்கள், சமையலுக்கு மொத்தமாக எடுக்கும் விடுதிகள். மூவருக்கும் தேவை வேறு வேறு. நான் உள்ளூர்க் குடும்பத்தை மனதில் வைத்துத் தொடங்கினேன். அவர்கள் தினமும் வாங்குகிறவர்கள், தவறு இருந்தால் மறுநாளே சொல்லிவிடுவார்கள்.

விற்கிறவர்களிடம் பேச நேரம் பார்த்துப் போக வேண்டும். ஏலம் நடக்கும்போது நோட்டும் பேனாவுமாக நின்றால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். கூடை முக்கால்வாசி காலியான பிறகு, வெயில் ஏறும் நேரத்தில் நிழலில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். தங்கச்சிமடத்தில் அப்படி ஒரு மதியம் ஒரு அக்காவிடம், "உங்க பேர், படம் எல்லாம் ஆப்ல போடுறேன்க்கா, நிறைய பேர் தேடி வருவாங்க" என்றேன். அவர் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்க பேரைப் போட்டு, படகுல இருந்து நேரா வாங்குறேன்னு எழுதிப்புட்டீகன்னா, நாளைக்கு எனக்கு முன்பணம் குடுத்த ஆளு என்னக் கேப்பாரு தம்பி. அவருக்குத்தான் நான் மீன் எடுக்கணும்."

அந்த ஒரு பேச்சில் என் பாதி வடிவமைப்பு மாறியது. இங்கே படகுக்காரரும் சரி, சில்லறை விற்பவரும் சரி, பலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள். வெளிப்படையாக எழுதினால் எல்லோருக்கும் நல்லது என்ற நினைப்பு நம் வசதிக்கானது. விற்பவர் எதைக் காட்டச் சொல்கிறாரோ அதை மட்டும் காட்ட வேண்டும். பெயருக்குப் பதில் "பாலத்துக்குக் கிழக்கே, வேப்பமரத்தடி" என்று இடத்தை மட்டும் போடலாம். ஒப்புதலை வாயால் கேட்டு, அவர் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டிவிட்டுத்தான் பதிய வேண்டும். வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. அதற்கு முன்பும் இது செய்ய வேண்டிய காரியம்தான்.

படி 3: நட்சத்திரத்தை விடுங்கள், யார் சொன்னது என்று எழுதுங்கள்

செயலியின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் என்றால் என்ன அர்த்தம்? மீன் புதிதா, பேச்சு இனிமையா, விலை மலிவா? யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தகவலையும் ஒரு கூற்றாக வையுங்கள். ஒரு கூற்றுக்கு நான்கு பகுதி: என்ன சொல்லப்படுகிறது, யார் சொன்னார், எந்தத் தேதி, எதுவரை செல்லும்.

யார் சொன்னார் என்பதற்கு நான்கு நிலை போதும். விற்பவர் சொன்னது. வாங்கியவர்கள் சொன்னது. நாங்கள் நேரில் பார்த்தது. காகிதம் உள்ளது. காகிதம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், புவிசார் குறியீட்டுக்குப் பதிவு செய்த பயனர் சான்று மாதிரியானவை. எண் இருந்தால் காட்டுங்கள். எண் இல்லாததை ஒரு குறையாகப் பெரிதாக்காதீர்கள். கூடை சுமந்து விற்கும் பெண்ணை அது பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடும், குளிரூட்டிய கடை தானாக மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எதுவரை செல்லும் என்பதை நான் முதலில் விட்டுவிட்டேன். "இன்று காலை நாட்டுப்படகு நண்டு" என்ற பதிவு மூன்று வாரம் கழித்தும் அப்படியே நின்றது. அதை நம்பி ஒரு குடும்பம் உச்சிப்புளியிலிருந்து கிளம்பி வந்து வெறும் கையோடு திரும்பியது. அப்புறம்தான் கணக்கைச் சரி செய்தேன். மீன், நண்டு பற்றிய கூற்று அன்று இரவோடு காலாவதியாக வேண்டும். பதநீருக்கு ஒரு நாள். கருப்பட்டிக்கும் வத்தலுக்கும் அந்தப் பருவம் முடியும் வரை. கடையின் இடம், திறக்கும் நேரம் போன்றவற்றுக்கு ஆறு மாதம். காலாவதியான கூற்றை அழிக்க வேண்டாம், சாம்பல் நிறமாக்கி "பழைய தகவல்" என்று எழுதிவிடுங்கள்.

படி 4: பெயர்களைச் சேகரியுங்கள்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், வீண் போகாது. நம் கரையில் சீலா என்றால் நெய்மீன் வகை, சென்னையில் வஞ்சிரம் என்பார்களே, அது. ஆனால் சென்னைக்காரர் சீலா என்று கேட்டால் அவர் மனதில் இருப்பது நாம் ஊளி என்று சொல்லும் நீள மீன். இதை அறியாமல் தேடலை அமைத்தால் வருகிறவர் ஒன்று கேட்பார், செயலி வேறொன்றைக் காட்டும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரே ஒரு அடையாள எண், அதன் கீழ் எத்தனை ஊர்ப் பெயர் உண்டோ அத்தனையும், கூடவே ஒரு தெளிவான படம். படம் இருந்தால் பெயர்ச் சண்டை பாதி தீர்ந்துவிடும். அறிவியல் பெயரைச் சரிபார்க்க மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. ஊர்ப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

எழுத்துப்பிழையையும் செயலிதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். நெத்திலி, நெத்தலி, கருப்பட்டி, கருபட்டி எல்லாம் ஒரே இடத்துக்குப் போகட்டும். ல, ள, ழ மூன்றையும், ந, ன, ண மூன்றையும், ர, ற இரண்டையும் தேடும்போது மட்டும் ஒன்றாகக் கருதுங்கள். யூனிகோடில் ஒரு நுணுக்கமும் உண்டு. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. கொட்டான் என்று தேடி ஒன்றுமே வராவிட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு ஒழுங்குக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். தட்டச்சு வராதவர்களுக்குக் குரல் தேடல் வையுங்கள். அலை இரைச்சலில் அது சறுக்கும் என்பதால் படங்களைத் தொட்டுத் தேடும் வழியும் கட்டாயம் வேண்டும்.

படி 5: திரைகளைத் தாளில் வரையுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஏ4 தாளை நான்காக மடித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு திரை வரையுங்கள். தாளாக இருந்தால் எதிரில் இருப்பவரும் பேனாவை வாங்கித் திருத்துவார். அழகான திரையைக் காட்டினால் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

முதல் திரைக்கு "இன்று" என்று பெயர். அதில் பக்கத்தில் இன்று நியாயமாகக் கிடைப்பது என்ன என்று ஐந்தாறு வரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், வெளி மாநில மீன் ஐஸில் வரும். அந்த நாட்களில் "இன்று" திரை வெறுமையாகத் தெரிந்தால் செயலியை மறந்துவிடுவார்கள். அதே சித்திரை, வைகாசியில்தான் பதநீரும் புதுக் கருப்பட்டியும் நுங்கும் வருகின்றன. கடலுக்கு ஓய்வு வரும்போது பனைக்குத் திரையைக் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்து படகு போகாத நாளிலும் இதே ஏற்பாடு உதவும்.

இரண்டாவது திரை பட்டியல். வரைபடத்தை முதலில் வைக்காதீர்கள். வெயிலில் நின்று வரைபடத்தை விரித்துப் பார்க்கிறவர் குறைவு. தூரத்தைச் சாலை வழியாகக் கணக்கிடுங்கள். மண்டபத்துக் கரையில் நிற்பவருக்குப் பாம்பன் கரை கண்ணுக்கெதிரே இருக்கும், ஆனால் வண்டிக்கு 1988இல் திறந்த அந்தப் பாலம் ஒன்றுதான் வழி. நேர்க்கோட்டுத் தூரம் கடலின் மேல் போய்விடும்.

மூன்றாவது, பொருளின் அட்டை. நான் கடைசியில் முடிவு செய்த அட்டை இப்படி இருந்தது:

நண்டு, நாட்டுப்படகு, நண்டு வலை
இன்று காலை 6:40, விற்பவர் சொன்னது
சினை நண்டு எடுப்பதில்லை: நேரில் பார்த்தோம், இந்த மாதம்
இடம்: ஜெட்டிக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்
காலை 10 வரை

விலை இல்லை, கவனித்திருப்பீர்கள். அதைப் போட வேண்டும் என்று நண்பர்கள் மல்லுக்கட்டினார்கள். ஏலத்து விலை மணிக்கு மணி மாறும். நேற்றைய விலையைத் திரையில் காட்டி இன்றைக்குப் பேரம் பேசினால் அடிபடுவது கூடைக்காரப் பெண்தான். கருப்பட்டி, வத்தல் போன்றவற்றுக்கு மட்டும், விற்பவர் சம்மதித்தால், தேதியோடு விலை போடலாம்.

எழுத்தைப் பெரிதாக வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து நம் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல், கரைக்கு அதையும் தாண்டுங்கள். ஈரக் கையால் தொடுவார்கள் என்பதால் பட்டன்கள் 48 புள்ளிக்கு (ஆண்ட்ராய்டின் dp என்ற திரை அளவு) குறையக் கூடாது.

விற்பவருக்குத் தனிச் செயலி செய்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மீன் வெட்டும் கையோடு யார் படிவம் நிரப்புவார்கள்? அவர்களிடம் ஏற்கெனவே வாட்ஸ்அப் இருக்கிறது. "இன்னைக்கு நகரையும் கொஞ்சம் நண்டும் இருக்கு" என்று ஒரு குரல் பதிவு அனுப்பினால் உங்கள் ஆள் ஒருவர் கேட்டுப் பதிவேற்றட்டும். இருபது முப்பது பேர் வரை இது தாராளமாக ஓடும்.

படி 6: கட்டுவது

இதில் சுருக்கமாகப் போகிறேன், ஏனென்றால் இங்கே நம் கரைக்கென்று தனி ரகசியம் இல்லை. ஆண்ட்ராய்டு போதும், பழைய மலிவு போனில் ஓட வேண்டும். பிளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில் செய்யலாம். உலாவியிலேயே திறக்கும் வலைச்செயலியாகவும் செய்யலாம், யாத்திரிகருக்கு அது வசதி. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடம் இது. அதனால் பட்டியலைப் போனுக்குள்ளேயே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைத்து, இணைப்பு கிடைக்கும்போது மாறியதை மட்டும் இறக்குங்கள். வரைபடத்துக்கு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப். நம் ஊர்ச் சந்துகள் அதில் விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்க்கலாம், அது எல்லோருக்கும் பயன்படும். வாங்குபவர் நிற்கும் இடத்தைப் போனிலேயே கணக்கிட்டுவிட்டு மறந்துவிடுங்கள், உங்கள் சர்வருக்கு அது தேவையில்லை. பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே முறை 25 டாலர். புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்கு என்றால், 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும். அந்த 12 பேரையும் உறவுக்குள் தேடாமல் மீன் வாங்குகிறவர்களில் தேடுங்கள்.

படி 7: ஒரு கரையில் மட்டும் தொடங்குங்கள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை முதல் நாளே போட ஆசை வரும். பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் என்ற ஒரு துண்டை எடுத்து இருபது விற்பவர்களோடு தொடங்கினேன். அதற்கே காலையில் இரண்டு மணி நேரம் வேலை இருந்தது.

சோதனைக்கு ஐந்து பேரை உட்கார வைத்து வேலை கொடுங்கள்: "நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளி வருது, நாட்டுப்படகு மீன் எங்கே கிடைக்கும்னு பாருங்க." பிறகு வாயைத் திறக்காதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திரையில் பிழை இருக்கிறது. ஒரு பெரியவர் "விற்பவர் சொன்னது" என்ற வரியை மூன்று முறை படித்துவிட்டு, "அப்ப உண்மையா இல்லையா?" என்று கேட்டார். அந்த வரியின் பக்கத்தில் கேள்விக்குறி ஒன்றை வைத்து, தொட்டால் "நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை" என்று வரும்படி மாற்றினேன்.

ஆட்களுக்குத் தெரிவிக்க விளம்பரச் செலவு வேண்டாம். 2016 முதல் பாம்பனில் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பும் சமுதாய வானொலி கடல் ஓசை 90.4 இருக்கிறது, அப்படிப்பட்ட இடங்களில் போய்ப் பேசுங்கள். பள்ளிவாசல், மாதா கோயில், அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நான்கு பேருக்குக் காட்டினால் நாற்பது பேருக்குப் போய்ச் சேரும்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து? விற்பவரிடம் காசு வாங்கி மேலே காட்டுவதை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். ஒரு முறை செய்தாலும் "நேரில் பார்த்தோம்" என்ற வரியை யாரும் நம்ப மாட்டார்கள். மொத்தமாக எடுக்கும் விடுதிகளிடம் மாதச் சந்தா கேட்கலாம். அதைச் செயலியிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

புகார் வரும். "சீனி கலந்த கருப்பட்டியைக் கலப்பில்லாததுன்னு குடுத்துட்டாங்க" என்று ஒருவர் எழுதினால் உடனே கடையின் மேல் அதை ஒட்டிவிடாதீர்கள். முதலில் அந்தக் கூற்றை மட்டும் "விசாரிக்கிறோம்" என்று மாற்றுங்கள். அன்று மாலைக்குள் விற்பவருக்குப் போன் போட்டு, "அக்கா, இப்படி ஒருத்தர் சொல்லியிருக்காங்க, என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது, போகும்போது அதே கருப்பட்டியில் கால் கிலோ காசு கொடுத்து வாங்கி வந்து, புகார் சொன்னவர் வாங்கியதோடு வைத்துப் பாருங்கள்.